கதாசிசும் வியாகுலப் பிரசங்கமும்

துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பிக் ‘கதாசிஸ்’ விளைவிக்கும் என்றார் அரிஸ்டோட்டில். அதனை ஒழுக்கத் தூய்மையாக அன்றி, மருத்துவர் கூறும் கழிவாகவே 1857இல் விளக்கினார் யாக்கோப் பேர்ணேய்ஸ். பிராய்டின் மனைவிக்கு அவர் பெரிய தந்தை. 1895இல் புரொயரும் பிராய்டும் தம் உளச்சிகிச்சையை அச்சொல்லாலேயே குறித்தமை தற்செயல் எனத் தோன்றவில்லை. வடிகால் மட்டும் போதாதெனப் பிராய்டே பின்னர் அம்முறையைக் கைவிட்டார். நம் திறனாய்வாளரோ ஒப்பாரி முதல் கூத்து வரை யாவற்றையும் ‘வடிகால்’ என்று கூறி அமைவர்.

நறுவிலிக்குளம் போன்ற மன்னார்க் கத்தோலிக்க ஊர்களில், யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமிகளின் வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் வாசிப்பது மரபு. அழுதால் கழிந்துவிடுவதே துயரெனின், ஆண்டுதோறும் அழுவானேன்? இறந்த மகனை மடியில் ஏந்திய மரியாளுக்காக அழும் தாயருள், போரிற் காணாமற்போன பிள்ளையின் உடலைக்கூடப் பெறாது 2009இன் பின்னும் காத்திருப்போர் உளர். தொடக்கமும் இடையும் முடிவும் உடைய செயலையே அரிஸ்டோட்டில் துன்பியலுக்கு உரியதாகக் கொண்டார். இத்தாயரின் துயருக்கு அம்மூன்றாவது இல்லை.