மத்தி இறங்கும் கரையில் மீன் மாத்திரை

கோட்டுச்சேரிமேடு காரைக்காலின் மீனவக் கிராமம். மத்தியும் கானாங்கெளுத்தியும் வலையில் விழும் கடல் அது. அந்தப் பக்கத்து மருந்துக் கடையிலும் மீன் எண்ணெய் மாத்திரை கிடைக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 150-ஐத் தாண்டிவிட்டால், சீட்டு இல்லாமலே அதை வாங்கிவிடலாம்.

மாத்திரையில் சரக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்லீரல் இந்தக் கொழுப்பைத் தயாரித்து ரத்தத்தில் விடுவதை மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 குறைக்கிறது. தினம் 4 கிராம் கொடுத்தால் 20 முதல் 30 சதவீதம் இறங்கும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2019-இல் சொன்னது. 500-ஐத் தாண்டியவருக்குக் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. மருத்துவர் கண்காணிப்பில் அவருக்கு இது நல்ல மருந்து.

கோளாறு அளவில்தான். டப்பாவின் முன்பக்கம் 1000 மி.கி. என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். திருப்பிப் பாருங்கள்: சாதாரண வகையில் ஒமேகா-3 அமிலங்களான இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மி.கி.தான். 4 கிராம் சேர தினம் பதின்மூன்றுக்கு மேல் விழுங்க வேண்டும். நாளுக்கு ஒன்று போடுகிறவருக்கு ட்ரைகிளிசரைடு பெரிதாக அசையாது. மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை வேறு. அதை அள்ளிப் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து உடம்பைக் கெடுக்கும்.

எண் இறங்கினால் மாரடைப்பு குறையுமா? இங்கேதான் ஆய்வுகள் மோதுகின்றன. 2018-இல் வெளியான ரெட்யூஸ்-இட் ஆய்வில், 8,179 பேரில் தூய இ.பி.ஏ. 4 கிராம் எடுத்தவர்களிடம் இதயப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. ஆனால் மற்றவர்களுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே அவர்களுக்குக் கெடுதல் செய்ததோ என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை. 2020-இல் ஸ்ட்ரெங்த் ஆய்வு 13,078 பேரிடம் இரண்டு அமிலமும் கலந்த 4 கிராமைச் சோதித்தது. கொழுப்பு இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. இரண்டிலுமே இதயத் துடிப்பு தாறுமாறாகும் கோளாறு கூடியது. இதைக் கடைக்காரர் சொல்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2014-இல் வெளியிட்ட முடிவில் 29.5 சதவீதம் பேருக்கு ட்ரைகிளிசரைடு அதிகமாக இருந்தது. நம்மிடம் அதை ஏற்றுவதில் மூன்று வேளைச் சோறும் சர்க்கரைத் தேநீரும் மதுவும் முக்கியமானவை. மத்தி தின்றாலும் தினம் 4 கிராம் சேராதுதான். ஆனால் தட்டில் சோற்றின் இடத்தில் ஒரு பங்கைக் குழம்பு மீன் பிடித்துக்கொண்டால், மாத்திரை தொடாத காரணத்தை அது தொடுகிறது. 200, 300 என்று இருப்பவர் முதலில் குடியை நிறுத்தி, சோற்றைக் குறைத்து, மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றில் மறுபடி ரத்தம் கொடுக்கட்டும். டப்பாவுக்குப் போகும் பணம் அதுவரை மீன்காரம்மாவிடம் போகலாம்.