மின்சாரம் இல்லாத ஊரில் மாயாவி

இரும்புக்கை மாயாவி மறைவதற்கு மந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டும். உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துபோவார். வலது கை மட்டும் மறையாது. ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் அதை வரைந்த விதம் தனி. கட்டத்தின் பெரும்பகுதி கறுப்பு மை. கதவிடுக்கால் விழும் ஒரு கீற்று வெளிச்சம். அதில் மணிக்கட்டோடு முடிந்துபோகும் ஓர் உலோகக் கை, விரல்களை விரித்தபடி அந்தரத்தில் நிற்கும். 1972இல் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே இந்த மாயாவியின் கதைதான். முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்த அந்தத் தொடக்க ஆண்டுகளில் வந்த ‘பாதாள நகரம்’, ‘பாம்புத் தீவு’, ‘நாச அலைகள்’ என்ற பெயர்களைச் சொன்னால் அறுபதைக் கடந்த முகங்கள் இன்றும் மலர்கின்றன.

அந்த முகங்கள் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில், சாவகச்சேரியிலும் உண்டு. பழைய நாயகர்களைப் புதிதாக்குவது சரியா என்று தமிழ்ப் படக்கதை ரசிகர்களிடையே பத்துப் பதினைந்து வருடமாக நடக்கும் வழக்கில், தென்மராட்சிக்காரரின் வாக்குமூலம் சிவகாசி, சென்னைக்காரரின் வாக்குமூலம் போல இல்லை. ஏன் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் வழக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். பிற்காலத்தில் இதழ்கள் தள்ளாடி, இடைவெளி நீண்டு, 2012 ஜனவரியில் ‘கம்பேக் ஸ்பெஷல்’ என்ற இதழோடு எழுந்து நின்றன. அதன்பின் பெரிய அளவு, வழவழப்பான தாள், முழு வண்ணம், ஐரோப்பாவின் புதிய தொடர்கள். ரசிகர்கள் இரண்டு பட்டார்கள். ஒரு சாரார் மாயாவி, லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ ஆகிய ‘மும்மூர்த்திகளை’ மறுபதிப்பாகக் கேட்டார்கள். அதையும் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளையிலேயே கேட்டார்கள். மற்றவர்கள், ஐம்பது வயதில் இன்னும் மாயாவியா, கிராபிக் நாவல் கொடுங்கள் என்றார்கள். மறுபதிப்பும் வந்தது, கிராபிக் நாவலும் வந்தது. சண்டை மட்டும் தீரவில்லை. மொழிபெயர்ப்பில் ஒரு வசனத்தைத் திருத்தினால்கூட, பழைய வசனம் எங்கே என்று கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இத்தனை பிடிவாதத்தோடு காக்கப்படும் அந்த ‘அசல்’ எது என்று தேடிப்போனால் கால் இடறுகிறது. 1962 ஒக்டோபரில் ‘வேலியன்ட்’ என்ற பிரித்தானியச் சிறுவர் வார இதழில் கென் புல்மர் எழுதத் தொடங்கியபோது மாயாவியாகிய லூயிஸ் கிராண்டல் ஒரு வில்லன். விபத்தில் கையை இழந்த ஆய்வுகூட உதவியாளன், மறையும் ஆற்றல் கிடைத்ததும் திருடப் போகிறான். பிறகு திருந்தி உளவாளியாகிறான். பிறகு விசேஷ உடை போட்ட சாகச வீரன். கடைசிக் காலத்தில் மறைவதே நின்றுபோய், கூலிக்குக் குற்றவாளிகளைத் தேடிப் பிடிப்பவன். பத்து வருடத்துக்குள் இத்தனை அவதாரம்! சிவகாசி அவற்றை வரிசைப்படி தரவும் இல்லை. நிழற்படை என்ற இரகசிய அமைப்பின் நல்ல உளவாளியாகவே நம்மவர்கள் அவரை அறிந்தார்கள். தமிழ் ரசிகர் காப்பாற்றப் போராடும் அசல், லண்டனில் வந்தவற்றுள் சிவகாசி தெரிந்தெடுத்த ஒன்று. அதில் குறையொன்றும் இல்லை. நமக்குக் கிடைத்ததுதானே நமக்கு அசல்.

இப்போது ஊருக்கு வருவோம். முத்து காமிக்ஸ் பிறந்த 1972, இலங்கையில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம். தலைமன்னார்க் கப்பலில் வந்தவர்களின் பைகளிலும் வேறு வழிகளிலும் வந்து சேர்ந்தவை கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்தன. 1977க்குப் பிறகு கதவு திறந்தது. கடைகளில் வாங்கலாம், கொழும்பிலிருந்து ரயிலிலும் வரும். வாசிகசாலை மேசையில் பேப்பருக்கு அடியில் வைத்துப் படிக்கலாம். 1984இல் கப்பல் நின்றது. 1990இல் பாதை அடைபட்டு, பொருளாதாரத் தடை வந்து, மின்சாரமும் போயிற்று.

அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஜாம் போத்தலில் திரி போட்டு, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்துப் படித்தார்கள். வானொலி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்றுவார், டைனமோ உறுமும், கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் இழுபடும். மாயாவி இங்கே வந்திருந்தால் மறைவதற்கே வழியில்லை என்பது அக்காலத்துப் பகிடி. டைனமோவில் விரலை வைத்துப் பார்த்த பெடியளும் இருந்தார்கள். ஒரு ‘சுள்’ என்ற அடியோடு சரி.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது, லட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்குள் வந்தார்கள். பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், மரத்தடி எல்லாம் வீடாயின. அவர்கள் தூக்கி வந்த பைகளில் படக்கதை இருந்திருந்தாலும் எண்ணிக்கை சொற்பம். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரியே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் கண்டது கூரையில்லாத சுவர்கள். பத்திரமாகப் பெட்டியில் கட்டி வைத்த முத்து காமிக்ஸ் சேகரிப்பு என்று இந்த ஊரில் ஒன்றைக் காட்டச் சொன்னால், காட்ட ஆள் கிடைப்பது அரிது.

வேறுபாடு இங்கேதான். சிவகாசிப் பக்கத்து ரசிகர் மறுபதிப்பை வாங்கிப் பழைய பிரதியின் அருகில் வைக்கிறார். தாளையும் மையையும் ஒப்பிட்டுக் குறை சொல்கிறார். இங்குள்ளவருக்கு ஒப்பிடப் பழைய பிரதி இல்லை. மறுபதிப்பு அவருக்கு, தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்குக் கச்சேரியில் எடுக்கும் பிரதி மாதிரி: தாள் புதிதென்று யாரும் முறைப்பாடு செய்வதில்லை, பெயரும் திகதியும் சரியாக இருந்தால் போதும். வண்ணத்தில் வந்தாலும் வாங்குவார், பெரிய அளவில் வந்தாலும் வாங்குவார். கதையைப் புதிதாக எழுதினால் மட்டும் முகம் மாறுகிறது. “படத்துக்கு என்ன கலரும் அடியுங்கோ தம்பி, ஆளை மாத்தாதேங்கோ” என்பது நான் கேட்டவற்றுள் தெளிவான கொள்கை விளக்கம்.

ஆளை மாற்றும் வேலை வெளியில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆல்பியன்’, ஆலன் மூரின் கருவை வைத்து அவரது மகள் லியா மூரும் ஜோன் ரெப்பியனும் எழுதியது. அதில் பழைய பிரித்தானிய நாயகர்களை அரசாங்கமே சிறையில் அடைத்து வைத்திருக்கிறது, மாயாவியும் கைதிதான். கெட்டிக்காரத்தனமான கதை; ஆனால் பழைய இதழ்களைக் கரைத்துக் குடித்தவருக்குத்தான் முழுச் சுவையும் தெரியும். 2016இலும் 2018இலும் அந்த நாயகர்கள் வந்த பழைய இதழ்களின் உரிமைகளை வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம் மூலக் கதைகளை நூலாக்குகிறது, புதிய கதைகளையும் வெளியிடுகிறது. தமிழிலோ இயக்குநர் லோகேஷ் கனகராஜ் சூர்யாவை மனத்தில் வைத்து எழுதியதாகச் சொன்ன ‘இரும்புக்கை மாயாவி’ திரைக்கு வராமலே பல வருடமாகப் பேசப்படுகிறது. வராத படத்தைப் பற்றி இத்தனை அபிப்பிராயம் வைத்திருப்பது ரசிகர்களால் மட்டுமே முடிந்த காரியம்.

இளையவர்களுக்கு மாயாவி தாத்தாவின் ஆள். அவர்களுடைய அசல், 2007இல் தொடங்கிய சுட்டி டிவி. டோராவும் புஜ்ஜியும் தமிழில் பேசிய குரல்களோடு வளர்ந்து இப்போது பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள், 2024இல் டோரா கணினி வரைகலையில் மறுபடி வந்தபோது சொன்னதைக் கேட்டால் சிரிப்பு வரும்: முகம் மெழுகு மாதிரி இருக்கிறதாம், பழைய குரல் வேண்டுமாம். அமெரிக்கச் சிறுமி, அவளுக்குச் சென்னைக் குரல், அதைச் சாவகச்சேரிப் பிள்ளை தன் அசல் என்கிறது. முத்து காமிக்ஸ்காரர்கள் இவர்களைப் பார்த்துத் தலையாட்டுவதற்கு உரிமையில்லாதவர்கள்.

எங்களுக்கென்றே ஒரு கேலிச்சித்திர நாயகன் இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். சிரித்திரன் சுந்தர் என்ற சிவஞானசுந்தரத்தின் சவாரித் தம்பர். 1963இல் தொடங்கிய ‘சிரித்திரன்’ இதழைத் திருப்பினால் தம்பர் இருப்பார், பக்கத்தில் சின்னக்குட்டி. தம்பரை அசைபடமாக்கினால் பார்ப்பீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். மாயாவியை மாற்றக் கூடாது என்று நின்ற அதே மனிதர் உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் மாட்டுவண்டிலுக்குப் பதில் தம்பரை முச்சக்கர வண்டியில் ஏற்ற வேண்டுமாம், சின்னக்குட்டி கனடாவிலிருந்து லீவில் வர வேண்டுமாம். கேட்காமலே முழுக்கதையும் சொல்லிமுடித்தார்.

மறுபதிப்புகள் இங்கு வருவது இப்போதும் யாராவது இந்தியா போய்வந்தால்தான், அல்லது பார்சலில். 2022 நெருக்கடிக்குப் பின் இந்திய ரூபாய் ஒன்றுக்கு மூன்று இலங்கை ரூபாவுக்கு மேல். தபால் செலவு வேறு. அதனால் ஒரு பிரதி நாலைந்து வீட்டுக்குப் போகிறது. அட்டை மறுபடியும் கிழிகிறது.