அப்பாவுக்கும் தெரியாத வரலாறு

கோயிலுக்குக் குடும்பத்தோடு போவது நமக்குப் பழகிய காரியம். சாமி கும்பிட்டு, பிரகாரம் சுற்றி, பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்புவோம். சுவரில் வெட்டியிருக்கும் எழுத்தைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது அண்மைக்காலத்து வழக்கம். 2004இல் தொடங்கிய சென்னை தினக் கொண்டாட்டம் ஊரை நடந்து பார்க்கும் பழக்கத்தைப் பரப்பியது. 2022இலும் 2023இலும் ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் வெளிவந்த பிறகு சோழநாட்டுத் தலங்களுக்கு வேன் பிடித்துப் போகும் குடும்பங்கள் கூடின. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தன்னார்வக் குழுக்கள் ‘மரபு நடை’ என்ற பெயரில் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களில் இன்று பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே வருகிறார்கள்.

இந்த வழக்கத்தைக் குறை சொல்பவர்கள் அநேகமாக இல்லை. அதனாலேயே அதை நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வரலாற்றைச் சுவையாக்குகிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளின் கையில் நாம் எதைக் கொடுக்கிறோம்?

பலங்களிலிருந்து தொடங்கலாம். பாடப்புத்தகத்தில் வரலாறு முடிந்த முடிவாகவே வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் ராஜராஜ சோழன் என்ற வரியைப் பிள்ளை மனப்பாடம் செய்கிறது. அது எப்படித் தெரியவந்தது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தருகே போய் நின்றால் அந்தக் கேள்வி தானாக எழும். தலபுராணம் இக்கோயிலைக் கரிகாலன் கட்டியதாகச் சொன்னது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் இங்குள்ள கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பிறகே ராஜராஜனின் பெயர் உறுதிப்பட்டது. தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்ததை அரசன் பொறித்து வைத்திருக்கிறான். தான் கொடுத்தவற்றையும், தன் அக்கா கொடுத்தவற்றையும், தன் மனைவியர் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறான். மனைவியருக்கு முன்னால் அக்காவைச் சொல்கிறானே என்று ஒரு சிறுமி கேட்டுவிட்டால் போதும், அந்த அக்கா குந்தவை அன்று முதல் அவளுக்குத் தெரிந்தவளாகிவிடுவாள்.

அந்த எழுத்துகளில் பல இன்றைய எழுத்துகளுக்கு நெருங்கியவை. நான்காம் வகுப்புப் பிள்ளைகூட ‘ப’வையும் ‘ட’வையும் தேடிப் பிடித்துவிடும். மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் வரும் என்று சொல்லிவிட்டால் சுவர் முழுவதும் விடுகதையாகிவிடும். டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் மங்கிய எழுத்து துலங்கும் என்பது பிள்ளைகளுக்கு மந்திரம் மாதிரி இருக்கும்.

இரண்டாவது பலம் இன்னும் பெரியது. கணக்கிலும் ஆங்கிலத்திலும் பெற்றோர் விடை தெரிந்தவர்கள், அல்லது தெரிந்தவர்போல நடந்துகொள்ள வேண்டியவர்கள். கல்வெட்டின் முன்னால் அப்பாவும் மகளும் ஒரே நிலையில் நிற்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் மகள் முந்திக்கொள்ளவும் கூடும். பெரியவர்களுக்கும் தெரியாதவை உண்டு, தெரியாததைத் தெரிந்துகொள்ள வழியும் உண்டு என்ற பாடத்தை எந்தப் பள்ளியும் இவ்வளவு எளிதாகக் கொடுத்துவிட முடியாது.

மூன்றாவது, நேரில் போகும்போது அரசர்களைத் தாண்டியும் பார்க்க முடிகிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்து அது காத்து நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. ஒரு நாய்க்குப் பெயரோடு கல்லில் இடம் கிடைத்திருக்கிறது என்றால், வரலாறு யாருடையது என்ற கேள்விக்கு வேறு விளக்கவுரை வேண்டாம். கீழடியில் கிடைத்த வட்டச் சில்லுகளும் பகடைக்காய்களும், பானை ஓட்டில் கீறப்பட்ட ஆதன், குவிரன் என்ற பெயர்களும் இதே வேலையைச் செய்கின்றன. விளையாடியவர்களும், பானையில் பேர் எழுதி வைத்துக்கொண்டவர்களும் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள்.

இனிக் குறைகள். முதல் குறை, சுவைக்காகப் பொய் கலப்பது. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்ற இரண்டும் சொல்லப்படாத பயணமே இல்லை எனலாம். நிழல் விழும். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேற்குத் திருச்சுற்றில் நின்றால் அது தரையில் நீண்டு கிடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். உச்சியில் இருப்பதும் பல கற்களை இணைத்து அமைத்ததே. பொய் என்பதைவிட மோசமான விஷயம், எளிதில் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சோதிக்காமல் நம்பப் பிள்ளைகளைப் பழக்குகிறோம் என்பது. அதே நிழலை வைத்து நல்ல விளையாட்டு ஒன்று நடத்தியிருக்கலாம். ஒரு கோலை நட்டு, கோலுக்கும் அதன் நிழலுக்கும் உள்ள விகிதத்தைக் கண்டு, கோயில் நிழலின் நீளத்தோடு விமான அடித்தளத்தின் பாதி அகலத்தையும் சேர்த்துக்கொண்டால், விமானத்தின் உயரத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். இல்லாத அதிசயத்தைச் சொல்லி இருக்கும் அதிசயத்தைக் கெடுத்துக்கொள்கிறோம். கல்லை ஏற்றியவர்கள் கணக்கும் கயிறும் உழைப்பும் கொண்டு அதைச் செய்தார்கள் என்பது மாயத்தைவிடச் சுவையானது.

இரண்டாவது குறை, கதைக்கும் சான்றுக்கும் நடுவிலுள்ள வரப்பு அழிந்துபோவது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவல் பல குடும்பங்களுக்குச் சோழர் வரலாற்றின் வாசலாக இருக்கிறது. வாசலில் தவறில்லை. ஆனால் பிள்ளைகள் நந்தினியின் அரண்மனையைக் காட்டச் சொல்லும்போது பெற்றோர் சிரித்து மழுப்பிவிடுகிறார்கள். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் கல்கியின் கற்பனை. வந்தியத்தேவன் பெயர் தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வருகிறது. நாவலில் சதிகாரனாக வரும் ரவிதாசனும் கல்லில் இருக்கிறான். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலின் கல்வெட்டு, ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்களைக் குறிப்பிட்டு, அவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் வைத்திருந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள் என்று அது சொல்லவில்லை. யார் கல்லில் இருக்கிறார்கள், யார் கல்கியின் பேனாவில் பிறந்தார்கள் என்று பிரித்துப் பார்ப்பது நாவலின் சுவையைக் குறைக்காது. துப்பறியும் சுவை கூடுதலாகச் சேரும். இந்த வாய்ப்பைப் பெரும்பாலான பயணங்கள் தவறவிடுகின்றன.

மூன்றாவது குறையைப் பற்றிப் பேசவே தயங்குகிறோம். பெருமை தராத செய்திகள் நடைப்பாதையிலிருந்து விலக்கப்படுகின்றன. அதே பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்களும், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள் என்பதும், எந்தத் தெருவில் எந்த வீடு கொடுக்கப்பட்டது என்பதும் இருக்கின்றன. கோயிலுக்கு வருவாய் தந்த ஊர்களின் கணக்கில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு போன்றவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வரியில்லாத இறையிலி நிலங்களாகப் பதிவாகியிருக்கின்றன. செப்புக்குடத்தைப் பற்றிச் சொல்கிற அதே சுவர்கள்தாம் இதையும் சொல்கின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ‘சேரி ஏன் ஊருக்கு வெளியே தனியாக இருந்தது?’ என்று அது கேட்டால் பேச்சை மாற்றாமல் இருக்கலாம். சிரமமான கேள்வியைப் பெற்றோரோடு சேர்ந்து எதிர்கொள்ளும் இடம் என்பதால்தான் குடும்பமாகப் போவதற்கு மதிப்பே. பெருமை மட்டும் போதுமென்றால் யூடியூபே போதும்.

சிறு குறைகளும் உண்டு. வீடு திரும்பியதும் ‘பார்த்ததைப் பற்றிப் பத்து வரி எழுது’ என்று சொல்லும் பெற்றோர் நடையையும் பாடமாக்கிவிடுகிறார்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கல்வெட்டில் மாவும் சாக்பீஸும் பூசுவதைப் பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். கல்லுக்கு அது கேடு. தொல்லியல் மேட்டில் கிடக்கும் பானை ஓட்டை நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொள்வதும் அப்படித்தான். இடத்தைவிட்டு எடுத்தால் ஓடு தன் சாட்சியத்தை இழந்துவிடும் என்பதை அங்கேயே சொல்லிக்கொடுப்பது எளிது.

இந்தக் குறைகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான். வழிகாட்டி, பெற்றோர் ஆகிய இருவருமே பிள்ளையின் முன் விடையோடு நிற்க விரும்புகிறார்கள். கேள்வியைத் திறந்து வைத்தால் பிள்ளைக்கு அலுத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையற்றது என்பதற்கு மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பமே சாட்சி. அதை அர்ச்சுனன் தபசு என்பார்கள் சிலர். பகீரதன் தவமிருந்து கங்கையை இறக்கியது என்பார்கள் வேறு சிலர். வழிகாட்டிகள் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவதே வழக்கம். இரண்டையும் சொல்லிவிட்டுச் சான்று தேடச் சொன்னால் என்ன நடக்கும்? ஒற்றைக்காலில் நிற்கும் தவசி இரு தரப்புக்கும் பொருந்துவார். பாறைப் பிளவில் நாகர்கள் இருப்பதும், மேலிருந்து நீர் விழ ஏற்பாடு இருந்திருப்பதும் கங்கைக் கட்சிக்கு வலு சேர்க்கும். எலிகள் சூழத் தவம் செய்வதுபோல நிற்கும் பூனையைக் கண்டுபிடித்ததும் பிள்ளைகள் இரு கட்சியையும் விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்குவார்கள். அதுவும் சிற்பி திட்டமிட்டதாகவே இருக்கலாம். அந்த ஊரில் முடிக்காமல் விட்ட குடைவரைகளும் உண்டு. கல்லை எப்படிக் கட்டம் கட்டமாகப் பிளந்து எடுத்தார்கள் என்பது அவற்றில் அப்படியே தெரிகிறது. முடிந்த வேலையைவிட முடியாத வேலை அதிகம் கற்றுக்கொடுக்கிறது.

ஆகவே மரபு நடையைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. எத்தனை தலம் பார்த்தோம் என்று அதை அளப்பதைக் கைவிட வேண்டும். ‘இது எப்படித் தெரியும்?’ என்று பிள்ளை கேட்கவும், அதற்கான கல்லையோ ஓட்டையோ பெரியவர் காட்டவும் அல்லது சேர்ந்து தேடவும் முடிகிற நடை நல்ல நடை. ஒரே ஒரு கல்வெட்டின் முன்னால் அரைமணி நேரம் செலவிட்டாலும் சரி.

கடைசியாக, யார் போக முடிகிறது என்ற கேள்வி. வேன் கட்டணமும் ஞாயிறு ஓய்வும் உள்ள நகரத்துக் குடும்பங்களே இப்போது பெரும்பாலும் வருகின்றன. வரலாறு புதைந்திருக்கும் ஊர்களின் பிள்ளைகள் இவர்களை வேடிக்கை பார்க்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணி அரசுப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இதற்கு மாற்றுவழியைக் காட்டியிருக்கிறது. அங்கே மாணவர்கள் தங்கள் ஊரிலேயே பழம்பொருள்களையும் கல்வெட்டுகளையும் தேடக் கற்கிறார்கள். இத்தகைய மன்றங்களில் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டால் நிலைமை தலைகீழாகும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நடுகற்கள் வேடியப்பன் என்ற சாமியாக இன்றும் கும்பிடப்படுகின்றன. எந்தக் கல்லுக்கு எந்த வீட்டார் பொங்கல் வைக்கிறார்கள், எந்த மேட்டில் ஏர் ஓட்டும்போது ஓடு தட்டுப்படுகிறது என்பது நகரத்து வழிகாட்டியைவிட உள்ளூர் அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் நன்றாகத் தெரியும். எழுத்து பிள்ளைக்குத் தெரியும், இடம் பெரியவர்களுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் அங்கே நடப்பது சுற்றுலாவாக இருக்காது. ஆய்வின் தொடக்கமாக இருக்கும். மரபு நடைக் குழுக்கள் அடுத்துச் செலவிட வேண்டிய உழைப்பு இதில்தான் இருக்கிறது.