ஆறாவது பல்

சாரல் விழும் ஆனி மாதத்தில் குற்றாலம் ஐந்தருவியில் வண்டியை நிறுத்தியதும் எல்லோரும் துண்டோடு ஓடுவார்கள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, வந்து நிற்கும் வண்டிகளின் ஹேண்ட் பிரேக் லீவர் பல் பல்லாக ஏறும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். நாலு பல், ஆறு பல், ஒன்பது பல். பதினொன்றைத் தாண்டினால் சற்றுத் தள்ளிப்போய் நின்றுகொள்வேன்.

என் கட்சி ஆறாவது பல். மூன்று பல்லில் கல்லாக இறுகும் வண்டியைச் சிலர் மெச்சுவார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த இறுக்கம் பெரும்பாலும் கேபிளைத் திருகித் திருகி வாங்கியது. லீவரை இறக்கிய பிறகும் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே வரும். ஒருமுறை வெளியூர்ப் பட்டறை ஒன்றில் அப்படித்தான் என் ஆம்னி வேனுக்கு 'சரி' செய்து கொடுத்தார்கள். குற்றாலத்திலிருந்து இறங்கி இலஞ்சி வருவதற்குள் பின்சக்கரத்திலிருந்து கருகல் வாடை.

அந்த வாடையோடுதான் தென்காசியில் அண்ணாச்சியிடம் போய்ச் சேர்ந்தேன். பேரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அண்ணாச்சி என்றே இருக்கட்டும். "லீவரு நட்டைத் திருகினது யாரு வே?" என்பதுதான் அவர் முதலில் கேட்டது. அந்த நட்டை அவர் கடைசியில்தான் தொடுவார். அதை முழுக்கத் தளர்த்திவிட்டுத்தான் வேலையே தொடங்கும்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டையும் ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுப்பார். லேசான 'ஸ்ஸ்' வந்தால் போதும். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் உரசினால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது, லேத்துக்குப் போக வேண்டும். பிறகு என்னை உள்ளே உட்காரவைத்து ஒவ்வொரு பல்லாக இழுக்கச் சொல்வார். "ஒண்ணு… நில்லும். ரெண்டு… நில்லும்." ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு சக்கரத்தையும் அசைத்துப் பார்ப்பார். ஒன்று பிடித்து மற்றது சுற்றினால் கோளாறு சுற்றுகிற பக்கத்தில். லீவர் கனமே இல்லாமல் வந்தால் கேபிள் அறுந்திருக்கிறது. கனமாக வந்தும் வண்டி நிற்கவில்லையா, லைனிங் பளபளத்துப் போயிருக்கும், இல்லையென்றால் எண்ணெய் குடித்திருக்கும்.

எந்த எண்ணெய் என்பதை மூக்கால் சொல்வார். பிரேக் ஆயில் என்றால் வீல் சிலிண்டரின் ரப்பரை மடித்துப் பார்ப்பார். கந்தக நாற்றம் அடித்தால் ஆக்சில் ஆயில் சீல் போய்விட்டது. பின்சக்கர இழுவை வண்டியான ஆம்னிக்கு இது அடிக்கடி வரும் நோய். குடித்த லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்து மாட்டித் தருகிறவர்கள் உண்டு. அண்ணாச்சி இரண்டு பக்கமும் புதுசுதான் போடுவார். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதவும் மாட்டார், ஈரத்துணிதான். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், நெஞ்சுக்கு ஆகாது என்பது அவருக்குத் தெரியும்.

ஷூவை டிரம்முக்கு ஒட்ட வைத்து, பிரேக் பெடலை இருபது தடவையாவது மிதிக்கச் சொல்லி அட்ஜஸ்டரை உட்காரவைத்த பிறகுதான் கேபிள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தேய்ந்த ஷூவோடு கேபிளை இறுக்கினால் டிரம்முக்குள் இருக்கும் சின்ன லீவர் தன் இடத்துக்குத் திரும்பி வராது. அது திரும்பாவிட்டால் அட்ஜஸ்டர் அடுத்த பல்லுக்கு ஏறாது. லைனிங் தேயத் தேயக் கால் பிரேக்கும் இறங்கிவிடும். லீவருக்கடியில் நாலு சுற்றுச் சுற்றி இரண்டு நிமிஷத்தில் அனுப்புகிற இன்றைய பையன்கள் கை பிரேக்கைக் கொடுத்துக் கால் பிரேக்கைக் கெடுக்கிறார்கள்.

நாலு சக்கரமும் டிஸ்க் என்று பெருமைப்படும் நண்பர் ஒருவர் டிரம்மைக் கிண்டல் செய்வார். அவர் வண்டியைப் போன்ற பலவற்றில் பின் டிஸ்க்கின் நடுக்குழிக்குள் ஹேண்ட் பிரேக்குக்கென்றே குட்டி டிரம் ஒன்று ஒளிந்திருப்பதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. சூடான டிஸ்க் ஆறினால் பிடி தளரும். டிரம்மோ ஆறினால் சுருங்கி, ஷூவை இன்னும் இறுகக் கட்டிக்கொள்ளும். இப்போது வரும் புது வண்டிகள் சிலவற்றில் லீவரே இல்லை, பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகிவிட்டு நிறுத்துகிறது. வேலை நடக்கிறது, மறுக்கவில்லை. அதில் எத்தனை பல் என்று எண்ணுவது?

புளியரை எஸ் வளைவில் ஏற்றத்தில் மாட்டியவர்களுக்கு லீவரின் அருமை தெரியும். முன்னால் கேரளத்துக்குப் போகும் பார லாரி, பின்னால் பம்பரை முட்டிக்கொண்டு ஒரு பஸ். பெடல் மூன்று, கால் இரண்டு. லீவர்தான் மூன்றாவது கால். கிளட்ச் பிடிக்கும் இடம் வரும்வரை வண்டியை நிறுத்திவைத்து, லீவர் நுனிப் பொத்தானை அழுத்தி மெதுவாக இறக்கினால் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் ஏறும். ஆறு பல் வண்டியில் அந்த இறக்கம் வெண்ணெய். பதினோரு பல் வண்டியில் கையும் கொடுக்க வேண்டும், குலதெய்வத்தையும் கூப்பிட வேண்டும்.

1984-இல் வந்த ஆம்னியின் தயாரிப்பு 2019-இல் நின்றது. தென்காசி தனி மாவட்டமானதும் அதே வருஷம்தான். இங்கே மிஞ்சியிருக்கும் ஆம்னிகளுக்கெல்லாம் பொது எதிரி சாரல்தான். கேபிளின் மேலுறை ஓரிடத்தில் கிழிந்தால் போதும், தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, இழுத்த கேபிள் திரும்பாமல் நின்றுவிடும். கிரீஸ் போட்டுப் பார்ப்பதெல்லாம் ஒரு வாரத்துக்கு. மாற்றுவதுதான் வழி.

போன சீசனில் ஒரு மழை இரவு அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் அவருடைய வேன். முதல் கியரில், பின்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து நிற்கிறது. ஹேண்ட் பிரேக் இறங்கியே இருக்கிறது. ஏனென்று கேட்டேன்.

"நனைஞ்ச வண்டிக்கு ராத்திரி பூரா இழுத்துப் போட்டா காலையில ஷூவும் டிரம்மும் துருவுல ஒட்டிக்கிடும் வே" என்றார். "யாரு திரும்பக் கழட்டுதது?"