கட்டையைப் பாருங்க, கோடாரியை இல்லை!

திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அந்தப் பிரியாணியை வேகவைக்கிற விறகைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சமீபத்தில் ஊருக்குப் போனபோது ஒரு விறகுக் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றேன். வேலை வெட்டி இல்லாமல் இல்லை... வெட்டு வேலையைப் பார்ப்பதற்காகத்தான்!

விறகு பிளந்துகொண்டிருந்தவருக்கு அறுபது வயசு இருக்கும். அடிபட்டு அடிபட்டு இறுகிப்போன புளியங்கட்டை. சுற்றிச் சுற்றி வந்து ரேகை பார்த்தார். கட்டையைப் புரட்டிப் போட்டார். அப்புறம் ஒரே போடு. அது ரெண்டாக விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது கட்டையை அல்ல, தலைக்கு மேலே போய் மின்னிவிட்டு வந்த கோடாரியை. கவனித்துவிட்டார்.

“என்ன தம்பி, கோடாரியவே பாக்குறீங்க?”

“நல்லா இருக்குண்ணே.”

“அதுல என்ன இருக்கு? கட்டையப் பாருங்க. வெட்டு அங்கதான விழுது.”

வேலை முடிந்ததும் கோடாரியை ஒரு கட்டையில் லேசாகக் கொத்தி நிறுத்தினார். அதன் வாய் வெளியே தெரியக் கூடாதாம். குழந்தைகள் நடமாடுகிற இடமாம்.

அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தால், ஒரு புதுப் படத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். ஹீரோ முகத்தைவிட அவர் பிடித்திருந்த அருவா பெரிசு. அதன் வாய் சாலையைப் பார்த்து இருந்தது. கீழே டியூஷன் பையன்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று ராத்திரி அந்தப் படத்தை நானும் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அருவா வேறு, கோடாரி வேறு என்று ஆட்சேபிப்பீர்கள். நியாயம்தான். சினிமாக்காரர்களுக்கு அருவாதான் வசதி. முதுகுப் பக்கம் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஸ்லோமோஷனில் நடக்கலாம். கோடாரியை எங்கே செருகுவது? ஆனால், இந்த மண்ணின் கலையிலும் கதையிலும் கோடாரிக்குத்தான் மூத்த இடம். 1863-இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் குனிந்து எடுத்த ஒரு கல்லில் இருந்துதான் இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே தொடங்குகிறது. அது ஒரு கைக்கோடாரி. ஜவ்வாது மலை கிராமங்களில் புதிய கற்காலத்துக் கற்கோடாரிகளை வரிசையாக நட்டுவைத்து, பிள்ளையார் என்று கும்பிடுகிறார்கள். சிங்கப்பூர் போய் வருகிற மச்சான் கொண்டுவருகிற தைலத்தின் மேலேகூடக் கோடாரிப் படம்தான்!

சிவன் கையில் இருக்கிற மழுவும் கோடாரியின் சொந்தக்காரன்தான். சோழர் காலத்துச் செப்புத் திருமேனி எதையாவது மியூசியத்தில் பார்க்க நேர்ந்தால் பின்கைகளைக் கவனியுங்கள். ஒன்றில் மான், ஒன்றில் மழு. அந்த மழுவை எப்படிப் பிடித்திருக்கிறார்? முஷ்டியை மடக்கி இறுக்கிப் பிடிக்கவில்லை. ரெண்டு விரல் நுனியில், பூவைப் பிடிக்கிற மாதிரி. கத்தரிக்கோல் போல விரல்களை வைக்கிற அந்த அமைப்புக்கு ‘கர்த்தரி முகம்’ என்று பெயர். கோடாரி பிடித்தவர் யாரும் அப்படிப் பிடித்து ஒரு சுள்ளியைக்கூட வெட்ட முடியாது. சிற்பிக்கு அது தெரியாதா? வெட்டுவதற்காக அவர் அதைக் கொடுக்கவில்லை.

சண்டிகேஸ்வரர் கதை இன்னும் சிக்கலானது. சிவன் கோயிலில் வடக்குப் பக்கம், அபிஷேகத் தண்ணீர் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சன்னதி. நாம் அவசரமாக நாலு தட்டு கை தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோமே, அவர்தான். காது கேட்காத சாமி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ‘கோயில் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை, கை காலி’ என்று காட்டுவதற்கு என்றும் ஒரு விளக்கம் உண்டு. பி.காம். படித்த எனக்கு ரெண்டாவது விளக்கம்தான் பிடிக்கும். சோழர் காலத்தில் கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் இவர் பெயரில்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்ச் சபைகள் இவரிடமிருந்து காசு கடன் வாங்குகின்றன. வட்டி, காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு. அதாவது பன்னிரண்டரை சதவிகிதம். இன்றைய பர்சனல் லோன் கணக்கில் பெரிய மோசமில்லை.

இந்தக் கணக்குப்பிள்ளை சாமியாவதற்கு முன்னால் மாடு மேய்க்கிற பையன். பெயர் விசாரசருமர். மணலில் லிங்கம் செய்து பசுவின் பாலை ஊற்றுகிறான். அப்பா வந்து பால்குடத்தைக் காலால் உதைக்கிறார். பையன் பக்கத்தில் கிடந்த கோலை எடுக்கிறான். அது மழுவாக மாறுகிறது. அப்பாவின் கால்கள் வெட்டுப்படுகின்றன. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை. ‘குலத்துக்குக் கோடாரிக் காம்பு’ என்று நம் ஆட்கள் திட்டுவார்களே... அந்தப் பழமொழிக்கு இவ்வளவு பொருத்தமான ஆள் வேறு கிடையாது. மரத்தை வெட்டுகிற கோடாரிக்குப் பிடியாக இருப்பதும் மரம்தான் என்ற ஆற்றாமை அந்தப் பழமொழியில் இருக்கிறது. இந்தக் கதையிலோ காம்பே கோடாரியாகிவிட்டது.

பக்தி இலக்கியத்தில் எனக்கு இன்றைக்கும் ஒப்புக்கொள்ள முடியாத இடம் இது. பக்திக்காகக்கூட அப்பாவின் காலை வெட்டலாமா? கங்கைகொண்ட சோழபுரத்தில் இதைச் செதுக்கிய 11-ஆம் நூற்றாண்டுச் சிற்பிக்கும் அந்த உறுத்தல் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். வடக்கு வாசல் படிக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தச் சிற்பம். சிவன், பக்கத்தில் உமை, கீழே கை கூப்பிய பையன். அவன் தலையில் சிவன் பூமாலையைச் சுற்றிக் கட்டுகிறார். கும்பிடுகிற கையில் மழு இல்லை. அது சிவனின் பின்கைக்குப் போய்விட்டது. ‘கொடு இங்கே, இனிமேல் இது உனக்கு வேண்டாம்’ என்று வாங்கி வைத்துக்கொண்டது போலத்தான் எனக்குத் தெரிகிறது. வெட்டு முடிந்து, ரத்தம் காய்ந்து, பையன் தலை குனிந்திருக்கிற கணம். இன்றைய ஸ்டன்ட் மாஸ்டரிடம் இதே கதையைக் கொடுத்தால் எந்தக் கணத்தை எடுப்பார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

பெரிய கோயில் கதை இப்படி என்றால், எங்கள் ஊர் மலைக்கோட்டை அடிவாரத்தில் இருக்கிற கோட்டை மாரியம்மனிடம் வாருங்கள். மாசித் திருவிழாவில் பூச்சொரிதல் அன்றைக்கு ஊரே பூ வாசம் அடிக்கும். மாரியம்மன் யார் என்று கேட்டால் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பாட்டிமார்கள் ரேணுகா கதையைத்தான் சொல்வார்கள். அதிலும் ஒரு கோடாரி இருக்கிறது. பரசுராமனின் பரசு.

சுடாத மண்ணிலேயே குடம் பிடித்துத் தண்ணீர் கொண்டுவருகிற அளவுக்குக் கற்புள்ளவள் ரேணுகா. ஒருநாள் வானத்தில் போன கந்தர்வனின் நிழலைத் தண்ணீரில் பார்க்கிறாள். ஒரு வினாடி மனசு சலனப்படுகிறது. குடம் கரைந்துவிடுகிறது. ஜமதக்னி முனிவருக்கு அது போதும். ‘அம்மாவை வெட்டு’ என்கிறார். மூத்த பிள்ளைகள் மறுக்கிறார்கள். பரசுராமன் கோடாரியைத் தூக்குகிறான்.

வடமொழிப் புராணம் இதை அப்பா சொல் தட்டாத பிள்ளையின் கதையாக வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. நம் ஜனங்கள் விடவில்லை. ஓடுகிற அம்மா எங்கே ஓடினாள் என்று கேட்டார்கள். சேரிக்குள் ஓடினாள் என்று அவர்களே பதிலும் வைத்தார்கள். அங்கே ஒருத்தி ரேணுகாவைக் கட்டிக்கொண்டு, விடமாட்டேன் என்று நிற்கிறாள். ஒரே வீச்சில் ரெண்டு தலையும் விழுகிறது. அப்புறம் அப்பாவிடம் வரம் வாங்கி அம்மாவை எழுப்பப் போகிற பரசுராமன், பதற்றத்தில் தலையை மாற்றி வைத்துவிடுகிறான். இதன் தலை அதன் உடம்பில், அதன் தலை இதன் உடம்பில். அப்படிப் பிறந்தவள்தான் மாரி.

யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் மனசில் ஒரு வினாடி என்ன ஓடியது என்பதற்காக வீட்டு ஆம்பிளைகள் வெட்டுகிறார்கள். தடுக்க வந்த, அவர்கள் தீண்டவே தீண்டாத சாதிப் பெண்ணையும் சேர்த்து வெட்டுகிறார்கள். வெட்டின பிறகு எது எந்தச் சாதித் தலை, எது எந்தச் சாதி உடம்பு என்று அவர்களுக்கே தெரியவில்லை! இதைவிடக் காட்டமான சாதி விமர்சனத்தை எந்த விருதுப் படத்தில் பார்த்தீர்கள்? பல மாரியம்மன் கோயில்களில் தலையை மட்டும் வைத்துக் கும்பிடுகிறார்களே, அதற்குக் காரணமும் இந்தக் கதைதான் என்பார்கள். கூழ் ஊற்றுகிறோம், பூச் சொரிகிறோம், வேப்பிலை கட்டுகிறோம். எல்லாம் அந்தத் தலைக்குத்தான். கோடாரிக்கு அங்கே ஒரு பொட்டுப் பூகூடக் கிடையாது.

நாட்டுப்புறச் சாமிகளில் பெரும்பாலும் இதுதான் கணக்கு. மதுரை வீரன், மாறு கால் மாறு கை வாங்கப்பட்டவன். காத்தவராயன், கழுவேற்றப்பட்டவன். முத்துப்பட்டன், பிராமணப் பையனாகப் பிறந்து சக்கிலியப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டு, மாடு பிடிக்க வந்த கூட்டத்தோடு சண்டை போட்டுச் செத்தவன். வெட்டியவன் பெயரை ஊர் மறந்துவிட்டது. வெட்டுப்பட்டவனுக்குக் கோயில் கட்டிக் கிடா வெட்டுகிறது. கருப்பசாமி கையில் அருவா இல்லையா என்பீர்கள். இருக்கிறது. அவர் ஊர் எல்லையில் காவலுக்கு நிற்கிறார். ராத்திரி வாட்ச்மேன் கையில் தடி வைத்திருப்பதை யாரும் வீரம் என்று பாட்டு எழுதுவதில்லை.

இந்த அருவாவைத்தான் சினிமா எல்லையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஹீரோ கையில் கொடுத்தது. 1992-இல் வந்த ‘தேவர் மகன்’ படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கமல்ஹாசன் எழுத்து, பரதன் இயக்கம். தமிழில் அவ்வளவு நேர்த்தியாகக் கட்டப்பட்ட திரைக்கதைகள் குறைவு. கடைசியில் மாயனின் தலை விழுந்த பிறகு, ஹீரோ அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இதெல்லாம் போதும், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று கெஞ்சிவிட்டு போலீஸோடு போகிறார். படத்தை எழுதியவரின் மனசு அங்கேதான் இருந்தது என்று நான் நம்புகிறேன். ஆனால், அதற்கு முன்னால் இரண்டரை மணி நேரம் மீசையையும் பெருமையையும் அவ்வளவு அழகாகக் காட்டிவிட்டு, கடைசி அஞ்சு நிமிஷத்தில் வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள்? தியேட்டரை விட்டு வெளியே வந்தது பாட்டுதான், புத்திமதி இல்லை. 2023-இல் ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு மேடையில், கமல் எதிரிலேயே, அந்தப் படம் தனக்குள் உண்டாக்கிய வலியை மாரி செல்வராஜ் சொன்னார். மரியாதை இல்லாமல் பேசிவிட்டார் என்று சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது நல்ல விமர்சனமாகப் பட்டது. அவர் கோடாரியைப் பார்க்கவில்லை. கட்டை இருந்த இடத்திலிருந்து பேசினார்.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு அருகே, பட்டப்பகலில், சங்கர் என்ற இன்ஜினீயரிங் மாணவரை ஒரு கும்பல் வெட்டிக் கொன்றது. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பையன். கூட இருந்த மனைவி கௌசல்யாவுக்கும் வெட்டு. அவர் பிழைத்துக்கொண்டார். அவருடைய ஊர் பழனி, எங்கள் மாவட்டம். சிசிடிவியில் பதிவான அந்தக் காட்சியை டி.வி.யில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்னணி இசை கிடையாது. ஸ்லோமோஷன் கிடையாது. வண்டியில் வந்தார்கள், வெட்டினார்கள், போய்விட்டார்கள். ஜனங்கள் அப்படியே நிற்கிறார்கள். அன்று டி.வி.யை அணைத்துவிட்டு உட்கார்ந்தவனுக்கு ரேணுகாவைக் கட்டிக்கொண்டு நின்றாளே, பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண், அவள் ஞாபகம்தான் வந்தது.

சரி, அந்தப் ஃப்ளெக்ஸ் படம். பெயர் வேண்டாம். அதே மாதிரி ஒரு டஜன் இருக்கிறது. கணக்குப் படித்த புத்தி சும்மா இருக்குமா? ஒவ்வொரு வெட்டாக எண்ணினேன். மொத்தம் முப்பத்தேழு பேர் வெட்டுப்பட்டார்கள். அதில் பெயர் உள்ளவர்கள் மூன்று பேர். மற்ற முப்பத்துநாலு பேரும் எங்கிருந்து வந்தார்கள், யார் பெற்ற பிள்ளைகள், அடக்கம் செய்தார்களா எரித்தார்களா, ஒன்றும் தெரியாது. அருவாவுக்கு மட்டும் நாலு க்ளோஸப்.

அந்த டைரக்டரை எங்கேயாவது பார்த்தால் ஒன்று கேட்கலாம் என்றிருக்கிறேன். அடுத்த படத்தில் சண்டையைக் குறைக்கச் சொல்லப் போவதில்லை. முப்பத்துநாலு பேரில் ஒரே ஒருத்தனுக்கு ஒரு பெயர் வையுங்கள் சார். சாயங்காலம் அவன் வீட்டில் அவன் அம்மா சோறு எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு ஷாட். இடைவேளைக்கு முன்னால் வந்தால்கூடப் போதும்.