சில்லறைக் கஷ்டம்

சென்னையில் ஊர் சுற்றிய அனுபவங்களாக இப்போது எழுதப்படும் கட்டுரைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. அவற்றில் யாருக்கும் எதுவும் செலவாவதில்லை.

வடிவம் எல்லாருக்கும் பழகியதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவர் பாண்டி பஜாருக்கோ பெசன்ட் நகருக்கோ கிளம்புவார். வழியில் ஏதாவது கோளாறாகும். பஸ் நம்பரை மாற்றிப் படித்து ஏறியிருப்பார், இல்லையென்றால் செருப்பு அறுந்திருக்கும், அதுவும் இல்லையென்றால் மழை. நடுவில் ஒரு டீக்கடை அண்ணனோ பூக்கார அம்மாவோ வந்து மனதைத் தொடும்படி ஏதாவது சொல்வார்கள். எழுதியவர் நெகிழ்ந்துபோய் வீடு திரும்புவார். எப்படித் திரும்பினார், எவ்வளவு ஆச்சு என்பது மட்டும் கட்டுரையில் இருக்காது. போனை எடுத்து ஒரு வண்டி புக் பண்ணியிருப்பார், அவ்வளவுதான். போகும்போது பஸ்ஸுக்குக் கொடுத்த சில்லறை கட்டுரையில் வந்துவிடும். வரும்போது வண்டிக்குக் கொடுத்த முந்நூறு ரூபாய் வராது. அந்த முந்நூறு ரூபாய் பையில் இருந்ததால்தான் வழி தவறியது அனுபவமாக ஆனது.

கேலியாகச் சொல்லவில்லை. நான் இவற்றை விரும்பிப் படிக்கிற ஆள். ஓஎம்ஆரில் வேலை, அதே சாலையில் வாடகை வீடு, சனி ஞாயிறு வந்தால் எங்கேயாவது கிளம்பிப் போய் எதையாவது தொலைத்துவிட்டு வருவது என்று என் வாழ்க்கையும் இந்தக் கட்டுரைகளுக்குள்தான் இருக்கிறது. ஆனால் 'சின்ன அசௌகரியம்' என்று சுலபமாக எழுதிவிடுகிறோமே, அந்தச் 'சின்ன'வை யார் அளந்தது? 2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. இவ்வளவு பெரிய ஊரில் கடைசி பஸ்ஸைத் தவறவிடுவது என்பது எல்லாருக்கும் ஒரே சம்பவம் கிடையாது. ஒருவருக்கு அது நண்பர்களிடம் சொல்ல ஒரு கதை. இன்னொருவருக்கு மறுநாள் பாதிக் கூலி.

நகைச்சுவை என்றால் இதையெல்லாம் பார்க்க முடியாது என்றும் சொல்ல வழியில்லை. குமுதத்தில் பாக்கியம் ராமசாமி எழுதிய அப்புசாமி கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டகாசங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு எளிய பொருளாதாரம் இருக்கிறது. கிழவர் கையில் காசு கிடையாது. சீதாப்பாட்டி கொடுத்தால் உண்டு. சில்லறை தேற்றக் கிளம்புகிறவர்தான் ஊர் முழுக்க மாட்டிக்கொண்டு முழிக்கிறார். வாரப் பத்திரிகைச் சிரிப்புக்காக எழுதப்பட்ட கதைகள்தான். இருந்தும் எந்தக் கட்டத்தில் அப்புசாமியின் பையில் என்ன இருக்கிறது என்று வாசகருக்கு எப்போதும் தெரியும். இன்றைய கட்டுரைகளில் எழுதுகிறவரின் பையைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது.

இந்தக் கணக்கை அசோகமித்திரன் அளவுக்குத் துல்லியமாக வைத்திருந்தவர் தமிழில் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம். செகந்திராபாத்தில் பிறந்து, அப்பா இறந்தபின் இருபதுகளின் தொடக்கத்தில் இந்த ஊருக்கு வந்தவர். 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் வேலை. செய்தித்தாள்களிலிருந்து துண்டுகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது அந்த வேலையின் ஒரு பகுதி. சிபிஎஸ்இ பிளஸ் டூ படித்தவர்களுக்கு அவருடைய ஆங்கிலப் பாடம் ஒன்று ஞாபகம் இருக்கும். பெரிய இடத்தின் ஓரத்தில் சின்ன வேலை பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கவனித்த கண் அது.

'எலி' கதையை இந்தக் கோணத்தில் மறுபடி படித்துப் பாருங்கள். வீட்டில் எலித் தொல்லை. பொறி இருக்கிறது, பொறியில் வைக்க ஒன்றும் இல்லை. ராத்திரிச் சாப்பாடு மிச்சமில்லாமல் தீர்ந்துபோகிற வீடு அது. ஒரு தீனித் துண்டுக்காகக் கணேசன் தெருவில் இறங்குகிறான். வழியில் ஒரு பொதுக்கூட்டம், பெரிய தலைவர்களுக்கெல்லாம் சவால் விட்டுக்கொண்டிருக்கும் ஒரு பேச்சாளர். வடை வாங்கி வருகிறான். எலி விழுகிறது. காலையில் பொறியைத் தூக்கிக்கொண்டு போய் வெட்டவெளியில் திறந்துவிடுகிறான். காக்கை வந்து எலியைக் கொத்தித் தூக்கிக்கொண்டு போகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பொறியில் வடை தின்னப்படாமல் அப்படியே இருக்கிறது.

இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேராகக் கடைசி வரிக்கு ஓடி ஜீவகாருண்யம் என்கிறார்கள். தப்பில்லை. ஆனால் என்னை நிறுத்துவது கதையின் முதல் பாதி. மிச்சம் என்று எதுவும் இல்லாத ஒரு வீட்டில் எலி பிடிக்கக்கூடத் தனியாகச் செலவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்தச் செலவுக்காக ஓர் ஆண் ராத்திரி வேளையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது. அந்த நடையை அசோகமித்திரன் தாண்டிக் குதிப்பதில்லை. இன்னொருவர் எழுதியிருந்தால் 'கடைக்குப் போய் வடை வாங்கி வந்தான்' என்று ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். இவர் தெருவைக் காட்டுகிறார், கூட்டத்தைக் காட்டுகிறார், வடை வாங்குகிற மனிதனின் லேசான கூச்சத்தைக் காட்டுகிறார். தின்னப்படாத வடை கடைசியில் நம்மை அவ்வளவு அலைக்கழிப்பதற்குக் காரணம், அந்த வடைக்கு என்ன ஆச்சு என்று நமக்குத் தெரிந்திருப்பதுதான். காசு, நேரம், நடை, கொஞ்சம் மானம். நாலும் வீண். எலியும் போச்சு. துக்கத்துக்கு முன்னால் பில்லைப் போட்டுக் காட்டிவிடுகிறார்.

இதே கண் ஒரு நாவலின் நீளத்துக்கு விரிந்தது 'தண்ணீர்'. கணையாழியில் தொடராக வந்தது. ஒரு தெரு, வறண்ட குழாய்கள், விடியுமுன்பே குடத்தோடு அலைகிற பெண்கள். இதை நகரத்தின் மாபெரும் துயரக் காவியமாக எழுதியிருக்கலாம். அவர் எழுதியது அன்றாட விபத்துகளின் ஒரு வரிசை. சேற்றில் வழுக்கி விழுகிற ஒரு மூதாட்டி. சிந்திப்போகிற குடம். கடைசியில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவே பரபரக்கும்போது, வந்தது சாக்கடை கலந்த தண்ணீர் என்று மூக்குக்குத் தெரிகிற அந்த நிமிஷம். ஜமுனாவின் வாழ்க்கையில் நடக்கும் பெரிய நாசங்கள் தனியாகவும் இந்தக் குடச் சண்டைகள் தனியாகவும் இல்லை. டீச்சரம்மா தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிற பகுதியை எல்லாரும் சிலாகிப்பார்கள். நானும்தான். ஆனால் அந்தப் பேச்சின் பலம், அதைச் சொல்கிறவளும் கேட்கிறவளும் அன்றைக்குத் தண்ணீர் பிடித்தாக வேண்டியவர்கள் என்பதில் இருக்கிறது.

நான் இந்த நாவலை இரண்டாவது தடவை படித்தது 2019 ஜூனில். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஓஎம்ஆரில் பல கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டன. எங்கள் அபார்ட்மெண்டில் லாரித் தண்ணீர். மாதப் பராமரிப்புத் தொகை ஏறியது, குளியல் வாளிக் குளியலானது. எங்களுக்கு நேர்ந்தது அவ்வளவுதான். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் அந்த மாதம் அதிகம் வந்த புகார் தண்ணீர் பற்றியது இல்லை. 'மெய்ட் எல்லாம் ரொம்ப லேட்டா வர்றாங்க' என்பதுதான். எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா ஒருநாள் பத்தரை மணிக்கு வந்தார். அவர் தெருவுக்கு லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வரும்போது அங்கே குடத்தோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். அவர் நின்றதில் எங்கள் காபி டம்ளர்கள் கழுவப்படாமல் கிடந்தன. குழுவில் அதற்கு வைத்த பெயர் அசௌகரியம். ஒரே வறட்சி இரண்டு வீடுகளில் இரண்டு அளவில் நுழைந்தது. நாவலில் ஜமுனாவின் தெருவைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்தக் கதை நடக்கிற தெரு என்னுடையது இல்லை, அக்காவுடையது என்று புரிந்தது. அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

நண்பர் ஒருவர் கேட்டார்: "எல்லாத்துலயும் ஏழ்மையத் தேடினா எப்படி? ஜாலியா ஒருத்தன் ஊர் சுத்தக் கூடாதா?" தாராளமாகச் சுற்றலாம். வறுமையைக் காட்டாத எழுத்து மோசம் என்பது என் வாதமே இல்லை. அப்படிப் பார்த்தால் கணேசன் பிச்சைக்காரன் கிடையாது. சுமாரான நடுத்தரக் குடும்பம். நான் கேட்பது கணக்கு. ஒரு கோளாறு நடந்தால் அதற்கு யார், எதில் கட்டினார்கள் என்று எழுத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். காசாக இருக்கலாம், நேரமாக இருக்கலாம், வீட்டில் வாங்குகிற திட்டாக இருக்கலாம். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதன்பின் பஸ் ஸ்டாப்பில் ஒரு புதுப் பழக்கத்தைப் பார்க்கிறேன். நேர் பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல், வருகிற பஸ்ஸில் ஏறிப் பாதி வழி போய் இறங்கி வேறு பஸ் மாறுகிறார்கள். தப்பான பஸ்ஸில் ஏறினாலும் காசு போகாது. வழி தவறுவது முதல்முறையாக அவர்களுக்கும் மலிவாகியிருக்கிறது. இதைப் பற்றி ஒரு சந்தோஷமான கட்டுரை எழுதலாம், அதுவும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். நான் பார்த்தவரை யாரும் எழுதவில்லை.

சினிமாவில் இதைச் சரியாகப் பிடித்த படம் மணிகண்டனின் 'காக்கா முட்டை'. 2015-இல் வெளிவந்தது. இரண்டு பையன்கள் பீட்சா சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நம் அனுபவக் கட்டுரைகளின் மொழியில் இது ஒரு 'சின்ன அவுட்டிங்'. விலை ஏறக்குறைய முந்நூறு ரூபாய். தண்டவாளத்தில் விழுந்த கரியைப் பொறுக்கி எடைக்குப் போட்டு அந்தப் பணத்தைச் சேர்க்கிறார்கள். சேர்த்துக்கொண்டு போனால் அழுக்குச் சட்டைக்கு வாசலில் அனுமதி இல்லை. நல்ல சட்டைக்காக மால் வரை போனால் அங்கேயும் உள்ளே விடமாட்டார்கள். எப்படியோ புதுச்சட்டையும் கிடைத்து, காசும் கையில் இருக்க, கடை வாசலில் அறை விழுகிறது. படத்தின் முதல் பாதி முழுக்கத் தராசு நம் கண்முன் இருக்கிறது, எத்தனை கிலோ, எத்தனை ரூபாய் என்று. அதுதான் படத்தின் உயரம். அரசியல் பேரம், டிவி விவாதம் எல்லாம் வருகிற பிற்பகுதி எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. செய்தியான பிறகு கடைக்காரர்களே சிவப்புக் கம்பளம் விரித்துப் பீட்சாவைக் கொடுத்துவிடுகிறார்கள். கரி பொறுக்கிய கணக்கு அதோடு தள்ளுபடியாகிறது. நல்லவேளையாகப் பையன்களுக்குப் பீட்சா பிடிக்கவில்லை. ஆயா சுட்ட தோசையே மேல் என்று அவர்கள் முடிவு செய்வது இல்லாவிட்டால் அந்த முடிவு ரொம்ப இனிப்பாகியிருக்கும்.

அசோகமித்திரனிடமும் ஒரு குறை சொல்லலாம். கணக்கு இவ்வளவு சுத்தமாக இருப்பதாலேயே சில கதைகள் கணக்காகவே நின்றுவிடுகின்றன. ஒரு விண்ணப்பம், ஒரு அலைச்சல், ஒரு ஏமாற்றம், முடிந்தது. பின்னால் ஒன்றும் திறப்பதில்லை. அவர் பாணியில் எழுதுகிறவர்களிடம் இது இன்னும் மோசம். அடங்கிய குரல் மட்டும் வந்திருக்கிறது, தெரு வரவில்லை.

தெரு மாறிவிட்டது என்பதும் உண்மை. நான் வேலை செய்வது டெலிவரி நேரத்தைக் கணக்கிடும் ஒரு மென்பொருளில். குறித்த நேரத்துக்குள் பொருள் போய்ச் சேரவில்லை என்றால், கொண்டுபோகிற பையன் ஆப்பில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு டஜன் காரணங்கள் உண்டு. வாடிக்கையாளர் போனை எடுக்கவில்லை, முகவரி தவறு, வண்டி பழுது என்று. எதுவும் பொருந்தவில்லை என்றால் 'மற்றவை'. அதைத் தொட்டால் எழுதுவதற்கு ஒரு சின்னப் பெட்டி திறக்கும். பிழைகளைச் சரிபார்க்கும்போது அந்தப் பெட்டிகளில் எழுதியிருப்பவை என் திரையில் வரும். வண்டியை ஓரங்கட்டி அவசரத்தில் அடித்தவை. பெரும்பாலும் ஒற்றைச் சொல். 'கேட்'. 'லிப்ட்'. 'நாய்'. 'மழ'. கேட் என்றால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் அபார்ட்மெண்ட் கேட்டிலேயே பார்த்திருக்கிறேன். செக்யூரிட்டி நோட்டில் பெயர், நேரம், வண்டி நம்பர் எழுதி, கயிற்றில் கட்டிய பேனா எழுதாமல் போய், போனில் மேலே கேட்டு, சர்வீஸ் லிப்ட் எந்தப் பக்கம் என்று தேடி. இவ்வளவும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஒருமுறை 'பாப்பா ஜொரம்' என்று மட்டும் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் தாமதம் 17 நிமிடம்.