ஹெல் இன் எ செல்: ஒரு கூண்டின் விதியும் அதன் மீறலும்

ஹெல் இன் எ செல் என்பது அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ. நடத்தும் சிறப்புப் போட்டி வகைகளுள் ஒன்று. 'சிறையறைக்குள் நரகம்' என்று இப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். 1997 அக்டோபர் 5 அன்று, நிறுவனம் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயரில் இயங்கிய காலத்தில், இப்போட்டி முதன்முதலாக நடந்தது. கூண்டின் உயரமும் அதிலிருந்து வீரர்கள் விழுந்த காட்சிகளுமே இதற்குப் புகழ் தேடித் தந்தன. ஆனால் இப்போட்டியின் வலிமை அதன் விதியில்தான் இருக்கிறது என்பதும், அந்த விதியை நிறுவனமே மதிக்காதபோதெல்லாம் கூண்டு வெறும் இரும்புவலை ஆனது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

விதிமுறைகள்

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்பே முடிவு செய்யப்படுகிறது. இருந்தும் விதிகளுக்கு அங்கே முக்கிய இடம் உண்டு. தெருக்கூத்தில் துகிலுரியும் காட்சி எப்படி முடியும் என்பது கூடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் திரௌபதி எந்த நிலையில் நிற்கிறாள், அவளுக்கு எந்த வழியெல்லாம் அடைபட்டிருக்கிறது என்பது தெளிவாக இருந்தால்தான் பார்வையாளர் கலங்குவார்கள். மல்யுத்தத்தில் அந்தத் தெளிவைத் தருவது விதி.

வழக்கமான எஃகுக் கூண்டுப் போட்டியில் கூண்டு மல்யுத்த வளையத்தின் ஓரத்தை ஒட்டி நிற்கும். மேலே கூரை இராது. கூண்டைத் தாண்டி வெளியேறுபவரும் வெற்றி பெறலாம். ஹெல் இன் எ செல் கூண்டு வளையத்தையும் அதைச் சுற்றியுள்ள தரைப்பகுதியையும் சேர்த்து மூடுகிறது. மேலே கம்பிவலைக் கூரை உண்டு. கதவு பூட்டப்படும். தொடக்கத்தில் ஏறத்தாழ 16 அடி உயரமிருந்த கூண்டு 2006 முதல் 20 அடியாக உயர்த்தப்பட்டது.

இதில் தகுதி நீக்கம் கிடையாது. வளையத்துக்கு வெளியே நிற்பவரைப் பத்து எண்ணித் தோற்றவராக அறிவிப்பதும் கிடையாது. நாற்காலி, ஏணி, சுத்தியல் என எதையும் பயன்படுத்தலாம். எதிரியின் தோள்களைத் தரையில் அழுத்தி நடுவர் மூன்று எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும். அல்லது பிடி போட்டு அவரைப் பணிய வைக்க வேண்டும். கூண்டிலிருந்து தப்புவதால் வெற்றி கிடைக்காது.

இரண்டு செய்திகளை இவ்விதிகள் பார்வையாளருக்குச் சொல்கின்றன. வெளியாள் உள்ளே வர முடியாது. முடிவு தெரியாமல் ஆட்டம் நிற்காது. இந்தப் பகை இன்றோடு தீரும் என்ற வாக்குறுதி இந்த இரண்டிலும் அடங்கியிருக்கிறது.

தோற்றம்

கூரையுள்ள கூண்டு 1997-இல் பிறந்த புதுமை அன்று. 1983 அக்டோபர் 23 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில், ஓம்னி அரங்கில் டாமி ரிச், பஸ் சாயர் ஆகிய இருவரும் மேலும் மூடப்பட்ட கூண்டுக்குள் மோதினார்கள். 'அட்லாண்டாவின் கடைசிப் போர்' என்று அந்தப் போட்டி அழைக்கப்பட்டது. நீண்ட காலம் நீடித்த பகையை முடித்து வைப்பதே அதன் நோக்கம்.

1997-இல் அந்த வடிவம் திரும்பி வந்ததற்குக் கதையில் காரணம் இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் அண்டர்டேக்கர், பிரெட் ஹார்ட் மோதலுக்கு ஷான் மைக்கேல்ஸ் சிறப்பு நடுவராக இருந்தார். பிரெட்டை நோக்கி அவர் வீசிய நாற்காலி அண்டர்டேக்கர் மீது பட்டது. அண்டர்டேக்கர் பட்டத்தை இழந்தார். செப்டம்பரில் இருவரும் நேருக்கு நேர் மோதியபோது மைக்கேல்ஸின் நண்பர்கள் உள்ளே புகுந்தார்கள். ஆட்டம் முடிவில்லாமல் போனது. நண்பர்களை வெளியே நிறுத்துவது எப்படி என்ற கேள்விக்கு விடையாகத்தான் கூண்டு வந்தது. பகை முன்னே வந்து, அது கேட்ட விதி பின்னே வந்தது என்பதை இங்குக் கவனிக்க வேண்டும்.

முதல் போட்டி

செயின்ட் லூயிஸ் நகரில் 'பேட் பிளட்' நிகழ்ச்சியில் நடந்த முதல் போட்டி இவ்வகையின் இலக்கணமாக இன்றும் கொள்ளப்படுகிறது. அண்டர்டேக்கர் அவசரப்படாமல் மைக்கேல்ஸைத் துரத்துகிறார். ஓடுபவருக்கு ஓட இடமில்லை. அடிபட்ட ஒளிப்பதிவாளரை வெளியேற்றக் கதவு திறக்கப்பட, மைக்கேல்ஸ் அந்த வழியாகத் தப்புகிறார். சண்டை கூண்டின் கூரைக்குப் போகிறது. பக்கச் சுவரில் தொங்கும் மைக்கேல்ஸ் வர்ணனையாளர் மேசைமீது விழுகிறார். பின்னர் இருவரும் மறுபடி கூண்டுக்குள் வருகிறார்கள்.

முடிவில் அண்டர்டேக்கரின் தம்பியாகக் கதையில் சொல்லப்பட்ட கேன் முதன்முறையாகத் தோன்றிக் கூண்டின் கதவைப் பிய்த்தெறிகிறார். அண்ணனைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் இறக்குகிறார். மைக்கேல்ஸ் தவழ்ந்து வந்து வெற்றி பெறுகிறார்.

யாரும் உள்ளே வர முடியாது என்ற விதி முதல் போட்டியிலேயே மீறப்பட்டதல்லவா என்று கேட்கலாம். மீறப்பட்டது உண்மைதான். ஆனால் கேன் உயிரோடிருக்கிறார், வருவார் என்று பால் பேரர் பல மாதங்களாகச் சொல்லி வந்தார். எவராலும் உடைக்க முடியாத கதவை உடைத்ததால்தான் கேன் யார் என்பது ஒரே நொடியில் புரிந்தது. ஆட்டத்துக்கு ஒரு வெற்றியாளரும் கிடைத்தார். விதி உறுதியாக நின்றதால்தான் அதன் மீறலுக்கு அவ்வளவு பொருள் வந்தது.

1998: உயரத்தின் மீதான மோகம்

1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க் நகரில் அண்டர்டேக்கரும், மேன்கைண்ட் என்ற பெயரில் ஆடிய மிக் ஃபோலியும் மோதினார்கள். ஆட்டம் கூண்டின் உச்சியிலேயே தொடங்கியது. அண்டர்டேக்கர் ஃபோலியை அங்கிருந்து கீழேயிருந்த மேசைமீது எறிந்தார். தூக்குப் படுக்கையில் கொண்டு செல்லப்பட்ட ஃபோலி இறங்கி வந்து மறுபடி மேலே ஏறினார். இம்முறை கூரையின் ஒரு பகுதி பிய்ந்து, அவர் நேராக வளையத்துக்குள் விழுந்தார். கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் அடித்தது. முதல் வீழ்ச்சி திட்டமிட்டது. இரண்டாவது திட்டத்தில் இல்லாதது. தலையில் பட்ட அடியால் அந்த ஆட்டத்தின் பெரும்பகுதி ஃபோலிக்கு நினைவில்லை.

இப்போட்டியைக் குறைத்து மதிப்பிடுவது எளிதன்று. எழவே முடியாத ஒருவர் எழுந்து வருவதைப் பார்த்தவர் மறக்கமாட்டார். ஆனால் இதன் விளைவு நல்லதாக அமையவில்லை. ஹெல் இன் எ செல் என்றால் யாராவது மேலிருந்து விழ வேண்டும் என்று பார்வையாளர்கள் எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். 2000 டிசம்பரில் நடந்த ஆறு பேர் போட்டியில் ரிகிஷி கூரையிலிருந்து ஒரு லாரியின் பின்பகுதியில் தள்ளப்பட்டார். 2016 ஏப்ரல் 3 அன்று ரெசில்மேனியா 32-இல் 46 வயதான ஷேன் மெக்மஹன் 20 அடி உயரத்திலிருந்து குதித்தார். அண்டர்டேக்கர் விலகிக்கொள்ள, மேசைமீது விழுந்தார்.

ஷேன் வென்றால் ரா நிகழ்ச்சியின் பொறுப்பு அவருக்கு என்பது அந்தப் போட்டியின் பந்தயம். அவர் தோற்றார். மறுநாளே அந்தப் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்துக் குதித்த போட்டியின் முடிவு ஒரு நாள்கூட நிற்கவில்லை. உயரத்தை நம்பி விதியைக் கைவிட்டதற்கு இது தெளிவான சான்று.

இந்தப் போக்கு புதிதும் அன்று. 2000 பிப்ரவரியில் டிரிபிள் எச்சிடம் தோற்றால் ஓய்வு பெற வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஃபோலி இதே கூண்டில் ஆடினார். தோற்றார். ஏப்ரல் தொடக்கத்தில் ரெசில்மேனியாவின் முதன்மைப் போட்டியில் மறுபடி நின்றார். பழைய காலம் முழுக்கப் பொற்காலம், பிற்காலம் முழுக்கச் சீரழிவு என்று பிரித்துவிட முடியாது.

நாட்காட்டிக்குள் வந்த கூண்டு

2008 வரை இப்போட்டிக்கென்று குறித்த நாள் இல்லை. ஒரு பகை முற்றும்போது கூண்டு இறங்கும். 2009 அக்டோபர் 4 அன்று நிறுவனம் 'ஹெல் இன் எ செல்' என்ற பெயரிலேயே ஒரு கட்டணக் காட்சியைத் தொடங்கியது. 2022 வரை ஆண்டுதோறும் அது நடந்தது.

முதல் ஆண்டில் ஒரே இரவில் மூன்று கூண்டுப் போட்டிகள் நடந்தன. தொடக்கப் போட்டியில் அண்டர்டேக்கர் சி.எம். பங்கை ஏறத்தாழ பத்து நிமிடங்களில் வென்றார். மூன்று பகைகளும் ஒரே நாளில், அதுவும் அக்டோபரில், உச்சத்தை எட்ட வேண்டிய தேவை கதையில் இல்லை. தேதி வந்துவிட்டது, எனவே கூண்டு இறங்கியது. முதலில் பகை, பிறகு விதி என்றிருந்த வரிசை தலைகீழானது.

2016 அக்டோபர் 30 அன்று பாஸ்டனில் சார்லட் ஃபிளேரும் சாஷா பேங்க்ஸும் இக்கூண்டில் ஆடிய முதல் பெண்கள் ஆனார்கள். அன்றைய நிகழ்ச்சியின் இறுதிப் போட்டியும் அதுவே. வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தப் போட்டிக்கு முன்பே அதே இரவில் இரண்டு கூண்டுப் போட்டிகள் நடந்து முடிந்திருந்தன. அரங்கம் ஏற்கெனவே இருமுறை பார்த்துவிட்ட ஒன்றையே அப்பெண்கள் மூன்றாவதாகச் செய்ய வேண்டியிருந்தது.

முடிவில்லாத முடிவுகள்

வாக்குறுதி வெளிப்படையாக உடைந்தது 2018-இலும் 2019-இலும். 2018 செப்டம்பரில் ரோமன் ரெய்ன்ஸும் பிரான் ஸ்ட்ரோமனும் மோதிய போட்டியில் பிராக் லெஸ்னர் கதவை உதைத்துத் திறந்து இருவரையும் தாக்கினார். இருவராலும் தொடர முடியாது என்று கூறி ஆட்டம் முடிவின்றி நிறுத்தப்பட்டது. 1997-இல் கேன் செய்ததையே லெஸ்னரும் செய்தார் என்று தோன்றும். வேறுபாடு முடிவில் இருக்கிறது. அன்று ஒருவர் வென்றார். இன்று எவரும் வெல்லவில்லை.

2019 அக்டோபர் 6 அன்று சாக்ரமென்டோவில் செத் ராலின்ஸும், ஃபீண்ட் என்ற முகமூடிப் பாத்திரத்தில் பிரே வயட்டும் மோதினார்கள். ராலின்ஸ் தம் இறுதி அடியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியும் ஃபீண்ட் எழுந்தார். நாற்காலி, ஏணி, கருவிப்பெட்டி ஆகியவற்றைப் போட்டு மூடிச் சம்மட்டியால் அடித்தபோது நடுவர் மணியடிக்கச் சொன்னார். தகுதி நீக்கமே இல்லாத போட்டியில் அளவுக்கு மீறி அடித்ததற்காக ஆட்டம் நின்றது. அரங்கிலிருந்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு முழங்கினார்கள்.

அதே மாத இறுதியில் ரியாத் நகரில் இருவரும் மீண்டும் மோதியபோது, 'எக்காரணம் கொண்டும் நிறுத்த முடியாத போட்டி' என்று நிறுவனம் அறிவித்தது. ஹெல் இன் எ செல் என்ற பெயருக்கே அதுதான் பொருளாக இருந்தது. அதைத் தனியே அறிவிக்க வேண்டி வந்தபோது, பழைய பெயருக்கு மதிப்பில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டதாயிற்று.

விதிவிலக்குகளும் மீட்சியும்

ஆண்டு நிகழ்ச்சிக் காலத்திலும் நல்ல போட்டிகள் உண்டு. 2020 அக்டோபரில் ரோமன் ரெய்ன்ஸ் தம் உறவினர் ஜே ஊசோவுடன் மோதினார். 'விட்டுவிடுகிறேன்' என்று வாயால் சொன்னால் மட்டுமே தோல்வி என்பது கூடுதல் விதி. ஜே சொல்ல மறுத்தார். உள்ளே வந்து கெஞ்சிய சகோதரர் ஜிம்மியின் கழுத்தை ரெய்ன்ஸ் நெரித்தபோது, அவரைக் காப்பாற்ற ஜே அந்தச் சொல்லைச் சொன்னார். கூரையிலிருந்து யாரும் விழவில்லை. ஒரு சொல்லை வரவழைப்பதற்குக் கூண்டு பயன்பட்டது.

2022 ஜூன் 5 அன்று நடந்த கடைசி ஆண்டு நிகழ்ச்சியில் கோடி ரோட்ஸ் மார்புத் தசை கிழிந்த நிலையில், உடலில் கருநீலக் கன்றல் படர்ந்திருக்க, இருபது நிமிடங்களுக்கு மேல் ஆடி ராலின்ஸை வென்றார். அவருடைய மன உறுதியைப் பாராட்டாதவர் இல்லை. எனினும் மெய்யான காயத்தோடு ஒருவரை ஆடவிடுவது சரியா என்ற கேள்வியும் அங்கேயே நிற்கிறது. வீழ்ச்சிகள் நிறைந்த இப்போட்டியின் வரலாற்றை ரசிப்பவர் எவரும் அக்கேள்வியைத் தவிர்க்க முடியாது.

அதன்பின் ஆண்டு நிகழ்ச்சி கைவிடப்பட்டது. 2024 அக்டோபர் 5 அன்று, முதல் போட்டி நடந்து சரியாக 27 ஆண்டுகள் கழிந்த நாளில், பங்கும் ட்ரூ மெக்கின்டயரும் அட்லாண்டாவில் கூண்டுக்குள் நின்றார்கள். பழைய ஓம்னி இருந்த இடத்தில் எழுந்த அரங்கம் அது. நிகழ்ச்சியின் பெயரும் 'பேட் பிளட்' தான். இருவரும் அதற்கு முன் இரண்டு முறை மோதி ஆளுக்கொரு வெற்றி பெற்றிருந்தார்கள். தீர்ப்புக்காகவே மூன்றாவது போட்டி கூண்டுக்குள் வைக்கப்பட்டது. மெக்கின்டயரின் தலையில் இரத்தம் வழிந்தது, பங்க் வென்றார், பகை தீர்ந்தது. 2009-இல் பத்து நிமிடச் சடங்காக அதே பங்க் ஆடிய போட்டி, காரணம் கிடைத்தபோது மீண்டும் பொருள் பெற்றது.

மதிப்பீடு

சிறந்த போட்டிகளையும் மோசமானவற்றையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் உயரமோ இரத்தமோ அவற்றைப் பிரிக்கவில்லை என்பது தெரியும். ஏன் இந்தக் கூண்டு, ஏன் இன்று என்ற கேள்விகளுக்கு விடை இருந்த போட்டிகள் நிலைத்தன. விடை இல்லாதபோது வீரர்கள் தம் உடலைக் கொடுத்து அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. விதியைக் காப்பது பார்வையாளரின் நம்பிக்கையை மட்டுமன்றி வீரரின் உடலையும் காக்கும். கூண்டு அரிதாக இறங்கி, இறங்கினால் ஒரு முடிவோடு மட்டுமே ஏறுமானால், அதன் கூரைமேல் எவரும் ஏற வேண்டிய தேவை இராது.